பஞ்சர் ஒட்டும்போது நினைவுக்கு வரும் கால்நடை மருத்துவர்

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை அதிகாலை அக்காள் மகனை அழைத்துக்கொண்டு பெக்கான் நானாஸிலிருந்து தஞ்சோங் பியாய்க்குச் சைக்கிளில் கிளம்பினேன். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது. நம் ஊர்ப் பக்கம் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஒரு முறையாவது அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். மருமகன் படிவம் நான்கு மாணவன். மதியம் இரண்டு மணிக்கு அவனுக்குக் கணிதப் பிரத்தியேக வகுப்பு. அதற்குள் திரும்பிவிடுவோம் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் அக்காள் அவனை விட்டார்.

பொந்தியான் கெச்சிலைத் தாண்டியதும் அவனுடைய பின் டயர் காற்றிறங்கியது. கையில் மாற்று டியூப் ஒன்று இருந்தது. கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டு, பெருமையாகக் கிளம்பினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதே டயர் மீண்டும் தரையோடு ஒட்டியது. கடைக்காரர் மட்டமான டியூபை விற்றுவிட்டார் என்று மருமகன் கோபப்பட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெயிலில் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, கடைசியில் நண்பர் ஒருவர் வண்டியோடு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். வீடு சேர்ந்தபோது மணி மூன்று. வகுப்பு போனது போனதுதான். அக்காள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று மாலை எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைத் தவுக்கேக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் டியூபைத் தொடவே இல்லை. டயரைக் கழற்றி, ஒரு பழைய துணியை அதன் உள்பக்கம் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் துணி மாட்டியது. டயரை வளைத்து, குறடால் எதையோ இழுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. அரை அங்குலம்கூட இல்லை. வெடித்துப்போன லோரி டயர்களிலிருந்து உதிர்ந்து சாலையோரம் கிடக்கும் எஃகுக் கம்பி அது. முதல் டியூபைக் குத்தியதும் அதுதான், இரண்டாவது டியூபைக் குத்தியதும் அதுதான். குத்தியதை எடுக்காமல் நூறு டியூப் மாற்றினாலும் பயனில்லை என்று அவர் மலாயில் சொல்லிச் சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். சக்கரத்துக்குள் காற்றை அடைக்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? கெட்டியான ரப்பரையே சுற்றியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? டன்லப் என்று ஒரே சொல்லில் பதில் சொன்னேன். ஆனால், அது ஒரு நிறுவனத்தின் பெயராகத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு சில வாரங்கள் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை மருமகனுக்குச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம்

ஜான் போய்ட் டன்லப் பொறியியலாளர் அல்லர். தொழிற்சாலை வைத்திருந்தவரும் அல்லர். அவர் ஒரு கால்நடை மருத்துவர். 1840 பிப்ரவரி 5ஆம் நாள், ஸ்காட்லாந்தின் ஏர்ஷியர் வட்டாரத்தில் உள்ள டிரெகார்ன் என்னும் சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, பத்தொன்பது வயதிலேயே தேறினார். நம்மில் பலர் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் வயது அது.

1867இல் கடல் கடந்து அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். முதலில் தம் சகோதரரோடு டவுன்பாட்ரிக்கிலும், பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரின் மே தெருவிலும் மருத்துவமனை நடத்தினார். 1871இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன். 1880களின் நடுவில் அவருடைய மருத்துவமனை அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. குதிரைகள்தாம் அன்று வண்டிகளை இழுத்தன. குதிரைக்கு நோய் வந்தால் நகரமே நின்றுவிடும். ஆகவே, டன்லப்புக்கு வேலைக்குக் குறைவில்லை. நாற்பத்தேழு வயதில் மதிப்பான தொழில், நல்ல வருமானம், அமைதியான குடும்பம். இதற்கு மேல் எதையும் புதிதாகத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

மகனின் மூன்று சக்கர வண்டி

அவருடைய மகன் ஜானியிடம் மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று இருந்தது. அக்காலச் சைக்கிள்களின் சக்கரத்தில் இரும்புப் பட்டையோ கெட்டி ரப்பர்ப் பட்டையோதான் இருக்கும். பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கருங்கல் பாவியவை. ஒவ்வொரு கல்லின் மேடும் பள்ளமும் சக்கரம் வழியாக நேரே உடம்புக்குள் இறங்கும். மகன் படும் பாட்டைத் தந்தை கவனித்தார்.

மருத்துவத் தொழிலில் டன்லப்புக்கு ரப்பர் பழகிய பொருள். 1887 அக்டோபரில், மெல்லிய ரப்பர்த் தகட்டைக் கொண்டு ஒரு குழாய் செய்தார். ஏறத்தாழ 96 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மரத்தட்டின் விளிம்பில் அதைச் சுற்றி, மேலே துணியால் இறுக்கிப் பொருத்தி, உள்ளே காற்றடித்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. தம் எண்ணம் சரி என்று அவர் உடனே முடிவு கட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தார். மகனுடைய சைக்கிளின் உலோகச் சக்கரத்தையும் தம்முடைய காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் ஒன்றாக உருட்டிவிட்டார். உலோகச் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கோடிவரை ஓடி, கதவுத் தூணில் மோதித் திரும்பியது.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். கெட்டிச் சக்கரம் ஒரு சிறு கல்லின் மேல் ஏறும்போது வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. முன்னே போக வேண்டிய ஆற்றல் மேலே தூக்குவதிலும் அதிர்விலும் வீணாகிறது. காற்றுச் சக்கரமோ அந்தக் கல்லைத் தன்னுள் அமுக்கிக்கொள்கிறது. டயர் மட்டும் அந்த இடத்தில் நசுங்கி, மறுகணம் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. வண்டி ஏறக்குறைய அதே மட்டத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. டன்லப் மகனின் சுகத்துக்காகத் தேடினார்; கிடைத்ததோ சுகமும் வேகமும் சேர்ந்தது. மருமகனின் கேள்விக்குப் பதிலும் இதுதான். கெட்டி ரப்பரில் பஞ்சர் இல்லை. ஆனால் தஞ்சோங் பியாய் போய்ச் சேர்வதற்குள் முதுகு போய்விடும்.

ஜானியின் சைக்கிளில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் பொருத்தினார். பிறகு பெரிய சைக்கிளுக்கும் செய்து, பெல்ஃபாஸ்ட்டின் தென்பகுதியில் உள்ள செரிவேல் விளையாட்டுத் திடலில் சோதித்தார். 1888 டிசம்பர் 7ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது.

சிரித்தவர்கள் தோற்ற நாள்

புதிய பொருளை உலகம் உடனே வரவேற்றுவிடாது. பருத்து உப்பிய அந்த டயரைப் பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். வில்லி ஹியூம் என்னும் உள்ளூர்ச் சைக்கிள் வீரர் மட்டும் துணிந்து காற்று டயர் போட்ட சைக்கிளை வாங்கினார். 1889 மே 18ஆம் நாள், பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் கல்லூரித் திடலில் போட்டி நடந்தது. ஹியூம் பெரிய வீரர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், அன்று கலந்துகொண்ட நான்கு போட்டிகளிலும் அவரே முதலில் வந்தார். விரைவில் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போய் அங்கும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் போட்டிகளிலும் வென்றார்.

பெல்ஃபாஸ்ட்டில் ஹியூமிடம் தோற்றவர்களில் டப்ளின் வணிகர் ஹார்வி டு குரோவின் மகன்களும் இருந்தனர். அயர்லாந்து சைக்கிள் சங்கத்தின் தலைவரான டு குரோ, தோல்விக்கு வருந்துவதோடு நிற்கவில்லை. தம் மகன்களைத் தோற்கடித்தது ஆளா, டயரா என்று ஆராய்ந்தார். டயர்தான் என்று தெரிந்தது. அதே 1889இல் டப்ளினில் காற்று டயர் செய்யும் நிறுவனம் தொடங்கியது. டு குரோ அதை வழிநடத்தினார். டன்லப் தம் உரிமத்தை அவருக்கு எழுதிக் கொடுத்து, பதிலாக நிறுவனத்தில் பங்குகள் பெற்றுக்கொண்டார்.

செல்லாத உரிமம்

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் பாடநூலில் வரும் வெற்றிக் கதையாகியிருக்கும். 1890இல் டன்லப்புக்கு இடி போன்ற செய்தி வந்தது. அவருடைய காப்புரிமை செல்லாது. காரணம், அதே எண்ணத்தை அவருக்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே இன்னொருவர் பதிவு செய்திருந்தார்.

அவர் பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அவரும் ஸ்காட்லாந்துக்காரரே. 1822இல் பிறந்தவர். 1845இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1847இல் லண்டனின் ரீஜென்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் பொருத்தி ஓட்டியும் காட்டினார். இழுப்பதற்கு எளிது, சத்தமும் குறைவு என்று எல்லாரும் வியந்தார்கள். ஆனால், வாங்க ஆளில்லை. நல்ல ரப்பர் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த டயரை மிகுதியாக வேண்டிநின்ற சைக்கிள் என்னும் வண்டி அன்று பெருகியிருக்கவில்லை. தாம்சன் 1873இல் காலமானார். அவருடைய காற்றுச் சக்கரத்தை உலகம் அடியோடு மறந்துவிட்டது.

டன்லப் தாம்சனின் எண்ணத்தைத் திருடவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. ஆனாலும், சட்டம் முதலில் பதிந்தவரைத்தான் பார்க்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். காற்று டயரை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டால், புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தின் கதி என்ன? மருத்துவத் தொழிலிலிருந்து விலகி இதற்குள் இறங்கிய நடுவயது மனிதரின் கதி என்ன?

அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது பஞ்சர் என்றால் நம்புவீர்களா?

பஞ்சர் காட்டிய வழி

டன்லப்பின் முதல் டயரில் ஒரு பெருங்குறை இருந்தது. டியூபை மூடிய துணியும் ரப்பரும் சக்கரத்தோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தன. பஞ்சரானால் எல்லாவற்றையும் பிய்த்தெடுக்க வேண்டும். டியூபுக்கு ஒட்டுப் போட்டு, திரும்ப ஒட்டி, பசை காயக் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஆன கால் மணி நேரத்தைக் குறைசொன்ன நான் இதைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

குறை தெரிந்ததும் பலர் முயன்றார்கள். 1890 செப்டம்பரில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் ஒரு வழி கண்டார். டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையங்கள். நடுவில் பள்ளமான ரிம். ஓரத்தின் ஒரு பகுதியை நடுப்பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பகுதி தளர்ந்து, கையாலேயே வெளியே எடுத்துவிடலாம். காற்றடித்தால் ஓரங்கள் ரிம்மில் ஏறி இறுகிக்கொள்ளும். அடுத்த மாதமே வில்லியம் எர்ஸ்கின் பார்ட்லெட் இன்னொரு வகையான கழற்றும் டயருக்கு உரிமம் பெற்றார். இந்த இரண்டு உரிமங்களையும் டு குரோ விலைக்கு வாங்கினார். டன்லப்பின் உரிமம் போனாலும் நிறுவனம் நிமிர்ந்து நின்றது இதனால்தான். இன்று உங்கள் வீட்டுச் சைக்கிளின் டயரைக் கழற்றிப் பாருங்கள். ஓரத்தில் கம்பி, நடுவில் பள்ளம். 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை அதேதான்.

பிரான்சிலும் இதே கேள்வி ஒரு பெரிய நிறுவனத்தை உருவாக்கியது. கிளேர்மோன்-ஃபெரான் நகரில் ரப்பர்த் தொழில் நடத்திய மிச்செலின் சகோதரர்களிடம் ஒருவர் பஞ்சரான டன்லப் டயரைக் கொண்டு வந்தார். கழற்றிச் சரிசெய்ய மூன்று மணி நேரம் பிடித்தது. பசை காய ஓர் இரவு. மறுநாள் எதுவார் மிச்செலின் அதை ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டரில் மறுபடியும் பஞ்சர். அவருக்கு இரண்டு விஷயங்கள் விளங்கின. காற்று டயர்தான் எதிர்காலம். ஆனால், அதைச் சாலையோரத்தில் சாதாரண மனிதன் கழற்றி மாட்ட முடிய வேண்டும். 1891இல் அவர்கள் கழற்றும் டயர் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 1,200 கிலோமீட்டர் தூரமுள்ள பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரோடு ஓட்டி முதலில் வந்தார்.

பெயர் மட்டும் நிலைத்தது

டன்லப்பின் பிற்கால வாழ்க்கை கொஞ்சம் மனத்தை உறுத்துகிறது. அவர் குடும்பத்தோடு டப்ளினுக்குக் குடிபோயிருந்தார். ஆனால், நிறுவனம் பெரிதாகப் பெரிதாக அதில் அவருடைய இடம் சுருங்கியது. 1895இல் விலகினார். மறு ஆண்டே அந்த நிறுவனம் ஹூலி என்னும் முதலீட்டாளருக்கு 30 லட்சம் பவுனுக்கு விற்கப்பட்டது. அவர் அதை 50 லட்சம் பவுன் மதிப்பில் மறுபடி சந்தையில் இறக்கினார். அந்தப் பெருஞ்செல்வம் டன்லப்பைச் சேரவில்லை. உலகெங்கும் டயர்களில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அவரோ டப்ளினில் ஒரு துணி வணிகத்தில் பங்குதாரராக அமைதியாக வாழ்ந்தார்.

1921 அக்டோபர் 23ஆம் நாள் தம் எண்பத்தொன்றாம் வயதில் டப்ளின் வீட்டில் காலமானார். டீன்ஸ் கிரேன்ஜ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். காற்று டயரின் வரலாற்றை அவர் எழுதி வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பிறகுதான் அது நூலாக வந்தது. பிற்காலத்தில் வட அயர்லாந்தின் நார்தர்ன் வங்கி தன் பத்துப் பவுன் தாளில் அவருடைய தாடி முகத்தை அச்சிட்டது.

இதை ஏமாற்றப்பட்டவரின் கதை என்று சொல்லலாமா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. எண்ணம் முதலில் தாம்சனுக்குத் தோன்றியது. அதை உலகம் பயன்படுத்தும் பொருளாக்கியவர் டன்லப். ஓட்டி நிரூபித்தவர் ஹியூம். கழற்றி மாட்டும்படி ஆக்கியவர்கள் வெல்ச், பார்ட்லெட், மிச்செலின் சகோதரர்கள். விற்றுப் பணமாக்கியவர் டு குரோ. இத்தனை பேரில் ஒருவர் பெயர் மட்டும் டயரில் நின்றது. தேர்வில் காற்று டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு மதிப்பெண் கேள்வி வந்தால் டன்லப் என்று எழுதுங்கள். ஆனால், அது முழு விடை அன்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் விட்டுப்போனவர்கள்

இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த உரிமத்திலும் இல்லை.

டன்லப் உரிமம் பெற்ற அதே 1888ஆம் ஆண்டு, ஹென்றி ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். பிரேசிலிலிருந்து விதையாகச் சென்று, லண்டன் கியூ பூங்காவில் முளைத்த வழியில் வந்த 22 ரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் சேர்ந்திருந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவித் தொடர்ந்து பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். ரப்பரை நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் விடாமல் வற்புறுத்தியதால், அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர் விழுந்தது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் முதல் பெரிய தோட்டம் போட்டார். சைக்கிள் டயர் தொடங்கிவைத்த தேவையை மோட்டார் கார் பன்மடங்காக்கியதும், மலாயா முழுவதும் காடுகள் கித்தாத் தோட்டங்களாயின.

அந்தத் தேவைக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு. தோட்ட ரப்பர் பெருகுவதற்கு முன்பு, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் பிடியில் இருந்த கொங்கோவில் காட்டு ரப்பர் சேகரிக்கும்படி மக்கள் அடித்து வதைக்கப்பட்டனர், எண்ணற்றோர் மாண்டனர். ஐரோப்பாவில் ஒருவர் அதிராமல் சைக்கிள் ஓட்ட, ஆப்பிரிக்காவில் வேறொருவர் ரத்தம் சிந்தினார்.

மலாயாவில் அந்த வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர். கங்காணிகள் வழியாகத் தமிழகத்து ஊர்களிலிருந்து வந்து லயங்களில் குடியேறினார்கள். டன்லப் பெயர் தாங்கிய நிறுவனமே 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கியது. எங்கள் ஜொகூர்ப் பக்கம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே அன்னாசியையும் நட்டார்கள். கன்று வளர்ந்து பால் தரும்வரை அன்னாசி கைச்செலவுக்கு உதவியது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. இன்று ரப்பர் குறைந்து செம்பனை நிறைந்துவிட்டது. என் தாத்தா பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், மரம் மரமாகச் சீவி, மங்கு துடைத்து வைத்து, பிறகு வாளியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நிறுவைக்குப் போவார். அந்தச் சைக்கிளின் டயரும் ஏதோ ஒரு தோட்டத்துப் பாலில்தான் ஆனது. டன்லப்பைப் படிக்கப் போன நான் தாத்தாவிடம் வந்து நின்றேன்.

சரி, பஞ்சரைத் தடுப்பது எப்படி?

மருமகன் விடாமல் கேட்டது இதைத்தான். தவுக்கேயிடம் கற்றதையும் என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் காற்று. நல்ல டியூபும் சிறுகச் சிறுகக் காற்றை விடும். மெல்லிய பந்தய டயரில் சில நாளிலேயே அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அளவு காட்டும் பம்பால் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. அதுவரை அடிக்க வேண்டியதில்லை. உங்கள் எடை, டயரின் அகலம் இரண்டையும் பொறுத்துச் சரியான அளவு மாறும். காற்று மிகக் குறைந்தால், குழியில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு கீறல் விழும். பாம்பு கடித்த தடம் போல இருப்பதால் அதற்குப் பாம்புக்கடி என்றே பெயர்.

இரண்டாவது, துளையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். துளை டியூபின் வெளிப்பக்கம் இருந்தால் சாலையில் கிடந்த ஏதோ குத்தியிருக்கிறது. அதே இடத்தில் டயருக்குள் தேடுங்கள். ரிம் பக்கம் இருந்தால் ஆரக்கம்பிகளை மூடும் நாடா விலகியிருக்கலாம். இரட்டைக் கீறல் என்றால் காற்று போதவில்லை. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்பைப் பிடுங்கி இழுத்திருப்பீர்கள். இதற்காகவே, டயரின் முத்திரை எப்போதும் வால்வுக்கு நேராக இருக்கும்படி மாட்டுவது நல்ல பழக்கம். டியூபில் துளை எங்கே என்று தெரிந்தால், டயரில் எங்கே தேடுவது என்றும் தெரிந்துவிடும்.

மூன்றாவது, வீடு திரும்பியதும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, டயரில் பதிந்திருக்கும் கண்ணாடித் துண்டு, கம்பி, கூர்ங்கல் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். பல பொருள்கள் பட்ட உடனே டியூபைத் தொடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகின்றன. மழை நாளில் இன்னும் கவனம் தேவை. ஈரம் கண்ணாடியை ரப்பரில் வழுக்கிக்கொண்டு இறங்கச் செய்யும். லோரிகள் போகும் பொந்தியான் சாலையில் குப்பை ஒதுங்குவது ஓரக்கோட்டுக்கு வெளியேதான். பாதுகாப்பாக இருக்கும் இடங்களில் அதன்மேல் ஓட்டாதீர்கள். ஆனால், பஞ்சருக்குப் பயந்து வாகனங்களின் குறுக்கே போகவும் வேண்டாம்.

நான்காவது, தேய்ந்த டயரை மாற்றுங்கள். பின் டயர்தான் அதிக எடை தாங்கித் தேயும். வாங்கும்போது உள்ளே கெவ்லார் போன்ற காப்புப் பட்டை உள்ளதா என்று கேளுங்கள். ஸ்டெபனி குவாலெக் என்னும் பெண் வேதியியலாளர் 1965இல் உருவாக்கிய இழை அது. குண்டு துளைக்காத சட்டைக்கும் அதுவே பயன்படுகிறது. கொஞ்சம் கனம் கூடும். நடந்து வீடு சேருவதைவிட அது மேல்.

இப்போது டியூப் இல்லாத டயர்களும் வந்துவிட்டன. உள்ளே ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். சிறு துளை விழுந்தால் காற்றோடு அந்தத் திரவமும் அங்கே பாய்ந்து, உறைந்து, ஓட்டையை அடைத்துவிடும். அது என்ன திரவம் என்று பார்த்தேன். பல வகைகளில் முக்கியப் பொருள் இயற்கை ரப்பர்ப் பால். உறையாமல் இருக்கச் சிலவற்றில் அமோனியா சேர்த்திருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நெடி புதிதல்ல. ரப்பர் மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளச் சுரக்கும் பாலே டயரின் காயத்தையும் மூடுகிறது. வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது ஊற்ற வேண்டும். அது ஒன்றுதான் வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் பஞ்சர் வராது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. குறைக்கலாம், ஒழிக்க முடியாது. ஆகவே, இரண்டு டியூப், ஒட்டுப் பொட்டலம், சிறு பம்பு, டயர் நெம்பும் குச்சிகள், ஒரு துண்டுத் துணி ஆகியவை எப்போதும் உடன் இருக்கட்டும்.

இந்த ஆண்டு மருமகனும் நானும் மீண்டும் தஞ்சோங் பியாய்க்குப் போனோம். இம்முறை கூக்குப்புக்கு அருகே என் முன் டயர் காற்றிறங்கியது. நான் பையிலிருந்து புது டியூபை எடுப்பதற்குள் அவன் என்னைத் தடுத்தான். முதலில் துணியை எடுத்து டயரின் உள்பக்கம் மெதுவாக ஓட்டினான். ஓரிடத்தில் மாட்டியது. கடுகளவு கண்ணாடி. அதை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் டியூபைக் கேட்டான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தோம். அக்காள் இருவருக்கும் சோறு போட்டார்.